எஃப் துளைக்குள் எட்டிப் பார்த்து வாங்கிய செமி-ஹாலோ

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடைசியில் வாங்கியது ஐபனெஸ் ஏஎஸ்73 என்ற செமி-ஹாலோ, அதாவது உடம்பு பாதி காலியான மின்சார கிட்டார். எபிஃபோன் இஎஸ்-335, அதன் தம்பி இஎஸ்-339, கசினோ, க்ரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் ஜி2622 எல்லாவற்றையும் மடியில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். இதில் 339 கிட்டத்தட்ட என் மனதை மாற்றியே விட்டது. எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தாது, அதனால் எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு என்ன தேவைப்பட்டது? எங்கள் குழு சின்னது. டிரம்ஸ், பேஸ், நான். கீபோர்டு கிடையாது. பின்னணிக் கார்டுகளும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) என் தலையில், சோலோவும் என் தலையில். முதல் பாதி முழுக்க பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஓடும், டிரம்மர் கை ஓங்கியிருக்கும். அப்புறம் பிரஷ் எடுத்துக்கொள்வார், மெதுவான ஜாஸ் ஸ்டாண்டர்டுகள் வரும். இரண்டுக்கும் ஒரே கிட்டார், நடுவில் மாற்றக் கூடாது. அதோடு வீட்டில் ராத்திரி ஆம்ப் போடாமல் பயிற்சி செய்ய வேண்டும், எனக்காவது கேட்க வேண்டும். அதுவரை வைத்திருந்த சாலிட் பாடி (உள்ளே காலி இடமில்லாத) கிட்டாரில் முதல் பாதி ஜமாய்க்கும். இரண்டாம் பாதியில் எவ்வளவு டோனைக் குறைத்தாலும் ஒரு கூர்மை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

செமி-ஹாலோ என்ற யோசனையே இந்த மாதிரி இரட்டைத் தேவைக்காகப் பிறந்ததுதான். 1936-ல் கிப்சன் இஎஸ்-150 வந்த காலத்திலிருந்து மின்சார கிட்டார் என்றால் பெரும்பாலும் உள்ளே காலியான பெட்டிதான். மேடையில் சத்தம் கூடக் கூட ஆம்பிலிருந்து வரும் ஒலியே மேற்பலகையை அதிர வைக்கும், பலகை கம்பியை அதிர வைக்கும், கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் அதைத் திரும்ப ஆம்புக்கு அனுப்பும். ஊளை ஆரம்பித்துவிடும். 1958-ல் டெட் மெக்கார்ட்டி தலைமையில் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335 இதற்கு எளிமையான வழி கண்டுபிடித்தது: மெல்லிய உடம்பு, நடுவில் நெக்கிலிருந்து அடிவரை ஓடும் ஒரு மரக்கட்டை, இரண்டு பக்கமும் காலியான அறை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும். காற்றும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. அப்படியும் ஊளை முழுசாக நின்றுவிடாது. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் எஃப் துளைகளில் (மேற்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் துளைகள்) துணியைத் திணித்து வாசித்தவர். 1980-ல் அவர் பெயரில் வந்த லூசில் மாடலில் துளையே கிடையாது.

ஃப்ரெடி கிங் கிப்சன் இஎஸ்-345-ல் ப்ளூஸைக் கிழித்தார். லாரி கார்ல்டனுக்கு 'மிஸ்டர் 335' என்றே பெயர். ஜான் ஸ்கோஃபீல்டு கையில் பல வருடமாக இருப்பது ஐபனெஸ் ஏஎஸ்200. ஆக, ஒரே வகைக் கிட்டாரில் ப்ளூஸும் ஜாஸும் ஓடும் என்பதற்குச் சாட்சி நிறைய. அந்த விலைக்கு நம்மால் போக முடியாது என்பது மட்டும்தான் பிரச்சினை.

விலை குறைந்த கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. 'லேமினேட் உடம்பாமே' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1958-ன் 335-ம் லேமினேட் மேப்பிள்தான். அடுக்கு மரம் விறைப்பாக இருப்பதால் ஊளைக்கு எதிராக அது உதவத்தான் செய்கிறது. அந்தக் கவலையை விட்டுவிடலாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

சாலிட் பாடி வாங்குபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: நெக் நன்றாக இருந்தால் வாங்கிப் போடு, பிக்கப், பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகம்), சுவிட்ச் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். செமி-ஹாலோவில் இந்த யோசனை பாதிதான் செல்லும். சாலிட் பாடியில் பிக்கார்டையோ பின்மூடியையோ கழற்றினால் எல்லாம் கண் முன்னால் கிடக்கும். இங்கே பின்மூடி கிடையாது. பெரும்பாலான மாடல்களில் வால்யூம், டோன், சுவிட்ச், கேபிள் செருகும் ஜாக் எல்லாமே எஃப் துளை வழியாக உள்ளே போனவை, அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

நண்பர் ஒருவரின் கிட்டாரில் (பிராண்டு வேண்டாம்) ஜாக்கின் நட்டு தளர்ந்து, கேபிளைச் செருகும்போது ஜாக் மொத்தமாக உள்ளே விழுந்துவிட்டது. வாய் குறுகிய ஜாடிக்குள் விழுந்த மூடியை எடுப்பது மாதிரி வேலை. ஒரு கனமான நூலை ஜாக் துளை வழியாக உள்ளே விட்டு, எஃப் துளை வழியாக இடுக்கியால் வெளியே இழுத்தோம். ஜாக்கையும் அதே எஃப் துளைக்கு வெளியே மெதுவாகக் கொண்டுவந்து, நூல் நுனியை அதற்குள் நுழைத்து முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அது சரியாகத் தன் துளைக்கு வந்து தலை நீட்டும். அதன் பிறகு நட்டை முறுக்கும் நேரத்தில் ஜாக்கும் சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஜாக்குக்கே இந்தப் பாடு. நான்கு பாட்டையும் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் தண்டிலும் நூல் கட்டி, எது எந்தத் துளைக்கு என்று குறித்து வைத்து, வயர் நெளியாமல் அத்தனையையும் மீன் பிடிக்க வேண்டும்.

அதனால் என் கணக்கு இப்படி: செமி-ஹாலோவில் நெக், உடம்பின் அளவு, நடுக்கட்டை இவற்றோடு உள்ளே இருக்கும் மின்சார வேலைகளையும் 'மாற்ற முடியாத' பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். பிக்கப்பை மட்டும் மாற்றுவது கொஞ்சம் எளிது. அது மேலே இருந்தே கழன்று வரும், பழைய வயரைப் பாதியில் வெட்டி ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். கம்பி, டியூனிங் சாவிகள், பிரிட்ஜ், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டை) இவை சில்லறை வேலை.

கடையில் வாசித்துப் பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் ஆம்ப் வேண்டாம். திறந்த கம்பியில் ஒரு ஜி கார்டு, பிறகு ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு மைனர் செவன்த். உடம்பு விலாவில் அதிர வேண்டும், எங்காவது சலசலப்போ 'ஜிர்ர்' என்ற நடுக்கமோ இருக்கக் கூடாது. காலியான உடம்பில் தளர்ந்த ஒரு வயர்கூடச் சத்தம் போடும். பிறகு நெக்கின் இரண்டு ஓரமும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பேன். வறண்ட காற்றில் ஃப்ரெட்போர்டு மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறும். தேய்த்துச் சரி செய்யலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து மூன்றாம் கம்பி. ஒரு முழு டோன் பெண்ட் செய்து (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றி) விட்டுவிட்டு டியூனரைப் பார்ப்பேன். சுருதி இறங்கிப்போய் நின்றால் கம்பி நட் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது. டியூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அதே வியாதிதான். இந்த விலைக் கிட்டார்களில் இது சர்வசாதாரணம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினால் ஓரளவு தீரும், பள்ளத்தைச் சரியாக அராவினால் முழுசாகத் தீரும். இதற்காக ஒரு நல்ல கிட்டாரைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகுதான் ஆம்ப். எந்த எஃபெக்டும் இல்லாமல், சுத்தமான சேனல். நெக் பிக்கப், டோனை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டே வருவேன். நல்ல வயரிங்கில் ஒலி படிப்படியாக இருளும். நாலுக்கு வரும்போது கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் இன்னும் தனித்தனியாகக் கேட்கும். மட்டமான வயரிங்கில் பத்திலிருந்து மூன்று வரை ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று கம்பளி போர்த்தினது போல் எல்லாம் மங்கிவிடும். வால்யூமிலும் இதே சோதனை. ஒரு குமிழை ஏழுக்கு இறக்கினால் ஒலி சுத்தமாக வேண்டும், சேறாகக் கூடாது. ப்ளூஸ் வாசிப்பவருக்கு வலது கையின் சுண்டுவிரலும் வால்யூம் குமிழும்தான் பாதி எஃபெக்ட் பெடல். சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை தட்டிப் பார்ப்பேன், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. 'கர்ர்' என்று கேட்டால் நூலும் இடுக்கியும் நினைவுக்கு வந்துவிடும்.

நடு நிலையில் இரண்டு பிக்கப்பையும் கலப்பது செமி-ஹாலோவின் பெரிய சொத்து. நெக் எட்டில், பிரிட்ஜ் ஆறில் வைத்தால் மரக்கட்டையில் தட்டியது போன்ற ஒரு 'டக்' ஒலி கிடைக்கும், ரிதம் வாசிக்க அருமை. வழக்கமான வயரிங்கில் ஏதாவது ஒன்றை முழுதாக மூடினால் இரண்டுமே அடங்கிவிடும்; புதிதாக வாங்குபவர் கிட்டார் பழுது என்று பயந்துவிட வேண்டாம்.

சரி, கிட்டார்களுக்கு வருவோம்.

எபிஃபோன் இஎஸ்-335. தோற்றத்தில் கிப்சனின் வாரிசு, அதில் பேச்சே இல்லை. 2020-ல் வந்த புதிய வரிசையில் அல்னிகோ கிளாசிக் ப்ரோ ஹம்பக்கர்களும் (இரட்டைச் சுருள் பிக்கப்) சிடிஎஸ் நிறுவனத்தின் பாட்களும் போட்டிருக்கிறார்கள். நான் மேலே புலம்பிய மாற்ற முடியாத பட்டியலுக்கு இது நேர்ப் பதில். டோன் குமிழ் முழு வீச்சிலும் வேலை செய்தது. ப்ளூஸுக்கு இதைவிட வேறு வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் பிரிட்ஜ் பிக்கப்பில் ஒரு கடி இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றால், நெக் பிக்கப்பில் நான் தேடிய அந்த உருண்டையான மென்மை என் காதுக்குக் கொஞ்சம் குறைந்தது. முழுக்க என் ரசனைதான். ராக், ப்ளூஸ் பக்கம் எழுபது பங்கு சாய்ந்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

இஎஸ்-339 அதே சமாச்சாரம், சின்ன உடம்பில். 335-ன் உடம்பு அகலம் 16 அங்குலம். உட்கார்ந்து வாசிக்கும்போது வலது தோள் கொஞ்சம் மேலே ஏறும். 339 லெஸ் பால் அளவை நெருங்குகிறது. சாலிட் பாடியிலிருந்து வருபவருக்கு முதல் நிமிடத்திலேயே கை படிந்துவிடும். குள்ளமானவர்களுக்கும் தோள்வலிக்காரர்களுக்கும் என் முதல் சிபாரிசு இதுதான். அறை சின்னது என்பதால் ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது சத்தம் குறைவு. ராத்திரிப் பயிற்சி என்ற என் நிபந்தனையில்தான் இது தோற்றது. அந்த நிபந்தனை உங்களுக்கு இல்லையென்றால் இந்தப் பத்தியை இரண்டாவது முறை படியுங்கள்.

கசினோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்ப்பதற்கு 335 மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே நடுக்கட்டை கிடையாது, முழு ஹாலோ. பிக்கப்பும் பி-90 என்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). நெக் உடம்போடு சேர்வது பதினாறாம் ஃப்ரெட்டில், அதனால் மேல் ஸ்தாயி சோலோவுக்குக் கை எட்டாது. ஜாஸ் கலைஞர் கிராண்ட் கிரீன் வாசித்த கிப்சன் 330-ம் இதே குடும்பம்தான். அவர் ஒற்றை ஸ்வரமாகத் தொடுக்கும் அந்தத் துல்லியம் இந்த வகைக் கிட்டாரில் அவ்வளவு அழகாக வரும். வீட்டிலும் சின்ன அறையிலும் வாசிப்பதானால் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஒலி. டிரம்மர் பக்கத்தில் வைத்து ஓவர்டிரைவ் போடுவதானால் யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் எஃப் துளைக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். கட்டை இருக்கிறதா, எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். விற்பவர் சொல்வதைவிட அது நம்பகமானது. பசை வழிந்து காய்ந்திருக்கிறதா, வயர்கள் கட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அதே வெளிச்சத்தில் தெரியும்.

க்ரெட்ச் ஜி2622-க்கு ஸ்ப்ரூஸ் நடுக்கட்டை, பிராட்'ட்ரான் பிக்கப். இரண்டு பிக்கப்புக்கும் தனி வால்யூம், அதற்கு மேல் மொத்தத்துக்கும் ஒரு மாஸ்டர் வால்யூம். கலவையைக் கலைக்காமல் ஒட்டுமொத்தச் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கலாம் என்பது நடு நிலைப் பிரியர்களுக்கு வரம். ப்ளூஸில், அதுவும் கொஞ்சம் கரடுமுரடான ப்ளூஸில், இது சிரித்துக்கொண்டே வாசிக்க வைத்தது. ஜாஸ் கார்டுகளில் என் கை கேட்ட இருள் இதில் வரவில்லை. ஸ்குவையர் ஸ்டார்காஸ்டரையும் சிலர் கேட்பார்கள். அதன் ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) 25.5 அங்குலம், மேலே சொன்னவை 24.75-ஐ ஒட்டியவை. அதே கம்பியில் இழுவை கூடும், பெண்ட் செய்யும் விரலுக்குத் தெரியும். வேறு குணம், வேறு ஆளுக்கு.

ஏஎஸ்73 ஐபனெஸின் ஆர்ட்கோர் வரிசையைச் சேர்ந்தது. 2002-ல் ஆரம்பித்த அந்த வரிசையே விலை குறைந்த ஹாலோ, செமி-ஹாலோ கிட்டார்களுக்காகத்தான். இப்போதைய மாடலில் உடம்பு லிண்டன் மரம், நெக் நயாட்டோ, 22 ஃப்ரெட், கிளாசிக் எலீட் ஹம்பக்கர்கள். தாளில் படித்தால் எபிஃபோனின் மேப்பிள் உடம்பும் சிடிஎஸ் பாட்டும்தான் பெரிசாகத் தெரியும். கையில் எடுத்து நெக் பிக்கப்பில் ஒரு மேஜர் செவன்த் வாசித்ததும் என் கணக்கு மாறிவிட்டது. அடிக்கம்பிகள் குழையாமல், மேல் கம்பிகள் கண்ணாடியாகக் குத்தாமல், நடுவில் ஒரு வெதுவெதுப்பு. டோனை ஐந்துக்கு இறக்கினால் போதும், மூன்றுக்குப் போக வேண்டியதே இல்லை. பிரிட்ஜ் பிக்கப்பில் எபிஃபோன் அளவுக்குக் கடி இல்லைதான். ஆம்பில் கொஞ்சம் கெயின் கூட்டி, ட்ரெபிளை ஒரு புள்ளி ஏற்றினால் எங்கள் ப்ளூஸ் பாதிக்குத் தாராளமாகப் போதும். டிரம்மருக்கும் எனக்கும் நடுவில் ஆம்பை வைத்து, நான் அதற்கு நேராக நிற்காமல் சற்று பக்கவாட்டில் நின்றுகொண்டால் ஊளை வருவதில்லை. ராத்திரி ஆம்ப் இல்லாமல் வாசித்தால் எனக்குக் கேட்கிறது, அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. நெக் மெலிந்தது, தடித்த நெக் பிடித்துப் பழகியவர்கள் வாங்கும் முன் அரைமணி நேரமாவது வாசித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கியதும் செட்டப் செய்யாமல் எந்தக் கிட்டாரையும் எடை போடாதீர்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாம் ஃப்ரெட் பக்கம் பார்த்தால் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி இருக்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி 1.5. இதுதான் என் அளவு. இன்னும் தாழ்த்தலாம், ஆனால் ப்ளூஸ் பெண்ட் செய்யும்போது விரலுக்குக் கம்பி மாட்டாமல் நழுவும்.

கம்பி விஷயத்தில்தான் ப்ளூஸும் ஜாஸும் நிஜமாகச் சண்டை போடுகின்றன. ஜாஸ்காரர்கள் ஃப்ளாட்வௌண்டு (தட்டையான உலோகப் பட்டை சுற்றிய கம்பி), அதிலும் மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பியாக இருக்க வேண்டும் என்பார்கள். விரல் உரசும் சத்தம் கிடையாது, கார்டில் சுருதி சுத்தம், ஒலி தானாகவே இருளும். ஆனால் ப்ளூஸின் உயிரே மூன்றாம் கம்பியின் பெண்ட்தானே. சுற்றுக் கம்பியில் ஒரு முழு டோன் ஏற்றிப் பாருங்கள், விரல் கெஞ்சும். மேலும் அதற்கு மாறினால் நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சேடிலை நெக் பக்கம் நகர்த்த வேண்டும். நான் 11-ல் (மெல்லிய கம்பி 0.011 அங்குலம்) ஆரம்பிக்கும் ப்யூர் நிக்கல் ரௌண்டுவௌண்டு (உருண்டைக் கம்பி சுற்றிய) செட்டில் நின்றுவிட்டேன், மூன்றாம் கம்பி வெறும் கம்பி. நிக்கல் கொஞ்சம் மங்கலாக ஒலிப்பதால் ஜாஸுக்கு ஒத்துப்போகிறது, ஸ்கேல் குட்டை என்பதால் 11-லும் பெண்ட் வருகிறது. கம்பி பழசாகப் பழசாக இரண்டாம் பாதிக்கு இன்னும் பொருத்தமாகிறது. அதனால் அறுந்தால் ஒழிய நான் மாற்றுவதில்லை.

பழைய கிட்டார் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக. இந்த வகைக் கிட்டாரை ஆசையில் வாங்கி வாசிக்காமல் விற்பவர்கள் அதிகம். நெக் உடம்போடு சேரும் இடத்தில் விரிசல், ஜாக்கைச் சுற்றி மரத்தில் வெடிப்பு, தலைப்பகுதியில் ஒட்டிய தடம், இந்த மூன்றும் இல்லையென்றால் மற்றவை சமாளிக்கலாம். தலைப்பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும். ஜாக்கைக் கையால் லேசாகத் திருகிப் பார்த்து, ஆடினால் அங்கேயே நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் கடைசியில்தான் இதை யோசிப்பார்கள்: பை. இந்த விலையில் கிட்டாரோடு பை வருவது நிச்சயமில்லை. ஏற்கனவே வீட்டில் இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் பையில் 16 அங்குல உடம்பு நுழையாது, அக்கூஸ்டிக் பையிலோ இங்கும் அங்கும் ஆடும். 335 அளவுக்கென்றே விற்கும் பை, முடிந்தால் கெட்டியான பெட்டி, கிட்டாரோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். 339 எடுப்பவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் லெஸ் பால் பையை ஒருமுறை கடைக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்க்கலாம்.